எங்கள் வீட்டுச் செய்தி

என் அண்ணன் செங்கோட்டுவேல் குடிக்க மாட்டார். உத்தமர் என்பதால் இல்லை, வயிற்றுப் புண். புளிக்குழம்பு சாப்பிட்டாலே மறுநாள் வரைக்கும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ராசிபுரத்திலிருந்து மலைக்குப் போகும் ஒரு தனியார் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தார். தைப்பூச வாரத்தில் அந்த பஸ் ஒரு வளைவில் பள்ளத்துக்குள் போனது. அவரும் பஸ்ஸில் வந்த ஒரு கல்லூரிப் பையனும் செத்துப்போனார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பு வீட்டுக்கு வருவதற்குள் பொது டிவியில் செய்தி வந்துவிட்டது. ஓட்டுநர் செங்கோட்டுவேல் குடிபோதையில் இருந்தாராம். மாணவர்கள் படியில் தொங்கிக்கொண்டு வந்தார்களாம். இரண்டும் சேர்ந்துதான் விபத்தாம்.

பொது டிவி என்பது நம் வரிப்பணத்தில் நடப்பது. மற்ற சானல்கள் எல்லாம் கத்திக் கத்தித் தொண்டை வற்றி இழுத்து மூடிய பிறகு, செய்தி என்றால் அதுதான் என்று ஆகிவிட்டது. போனில் வருவதும் அதே சரக்குதான். சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு பெண் வந்து செய்தி சொல்வாள். அவள் மனுஷி இல்லை, மெஷின் வரைந்த முகம். டிவிக்கு மேலே பொட்டு மாதிரி ஒரு கண் இருக்கும். எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்து, அவர்களுக்கு ஏற்ற மாதிரி பேசுவாள். எங்கள் வீட்டில் நம்ம ஊர்ப் பேச்சில் "ஏனுங்க" என்பாள். காது கேட்காதவர் இருந்தால் எழுத்து பெரிதாக வரும். நல்ல வசதிதான் என்று நாங்களும் சந்தோஷப்பட்டோம்.

என் அண்ணி சுகன்யா புகார் கொடுத்தார். எழுதிக் கொடுத்தது நான். மிக்ஸி ரிப்பேர் கடை வைத்திருக்கிறவன் என்பதால் வீட்டில் மெஷின் சம்பந்தப்பட்டது எல்லாம் என் தலையில்தான் விழும். அண்ணன் குடிக்கவில்லை, போஸ்ட்மார்ட்டத்தில் மது இல்லை என்று எழுதியிருக்கிறது என்று போட்டோம். விபத்துக்கு முந்தின நாள் சாப்பிடும்போது அண்ணன், "பிரேக்ல ஏர் நிக்க மாட்டேங்குது. முதலாளிகிட்ட சொன்னா பூசக் கூட்டம் முடியட்டுங்கறாரு" என்று அண்ணியிடம் சொன்னதையும் போட்டோம்.

பதில் உடனே வந்தது. அதுதான் எரிச்சல். "உங்கள் வேதனை எங்களுக்குப் புரிகிறது." நான் போன் செய்தால் அதே பெண் குரல், அதே வேதனை புரிதல். கத்தினால் இன்னும் மெதுவாகப் பேசும். சிபாரிசு பிடிக்கவும் ஆள் இல்லை, சண்டை போடவும் ஆள் இல்லை. ஒருநாள் கோபத்தில் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டேன். அதற்கும் அவளுக்கு என் வேதனை புரிந்தது.

அண்ணி கேஸ் கீஸ் என்று எதற்கும் போகவில்லை. அவருக்கு வேண்டியது ஒரு ஆணி. எங்கள் பஸ் ஸ்டாண்டில் டிரைவர்களும் கண்டக்டர்களும் இளைப்பாறும் கொட்டகை ஒன்று உண்டு. அதன் சுவரில், ஓட்டிய காலத்தில் இறந்துபோன டிரைவர்களின் படங்கள் வரிசையாக மாட்டியிருக்கும். ஆயுத பூஜை அன்று பஸ்ஸுக்கு மாலை போடுகிற கையோடு அந்தப் படங்களுக்கும் மாலை போட்டு, சூடம் காட்டி, பூசணிக்காய் உடைப்பார்கள். அண்ணன் செத்த அன்றே அவர் படத்தையும் மாட்டினார்கள். செய்தி பார்த்த மறுநாள் கழற்றிவிட்டார்கள். ஆணி மட்டும் இருக்கிறது.

"வேற ஒண்ணும் வேண்டாந் தம்பி. அந்தப் படம் அங்க இருக்கோணும். அத்தன பேரு முன்னாடி கழட்டுனாங்கல்ல" என்பார் அண்ணி.

ஆடி மாதம் ஒரு சாயங்காலம் அது நடந்தது. ஏழு மணிச் செய்தியில் அந்தப் பெண் முகத்தைக் கொஞ்சம் சோகமாக வைத்துக்கொண்டு சொன்னாள்: "மலைப்பாதை பஸ் விபத்துல டிரைவர் செங்கோட்டுவேல் குடிச்சிருக்கலைங்க. முன்ன சொன்ன தகவலுக்கு வருத்தம் தெரிவிச்சுக்கறோம். படியில தொங்கிட்டு வந்த காலேஜ் பசங்களாலதான் பஸ் சாஞ்சிருக்குதுங்க."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் ஓடிப்போய் மைசூர்பாகு வாங்கி வந்தேன். தெருவில் எல்லா வீட்டுக்கும் அண்ணியே கொண்டுபோய்க் கொடுத்தார். "நியூஸ் பாத்தீங்களா?" என்று கேட்டார். "பாத்தமுங்க, பாத்தமுங்க" என்று எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். பிரேக் பற்றி ஒரு வார்த்தை வரவில்லையே என்று எனக்கு ஒரு நெருடல். ஆனால் அன்றைக்கு அதைப் பேச மனசு வரவில்லை. பாதி வெற்றியும் வெற்றிதான் என்று விட்டுவிட்டேன்.

ஆயுத பூஜை வந்தது. அண்ணி குளித்து, அண்ணன் படத்தையும் சம்பங்கி மாலையையும் எடுத்துக்கொண்டு ஸ்டாண்டுக்கு வந்தார். நானும் போனேன். கொட்டகையில் எல்லாப் படத்துக்கும் மாலை விழுந்திருந்தது. ஆணி காலியாகவே இருந்தது. சங்கச் செயலாளர் மாதேஸ்வரன் அண்ணனோடு பத்தாவது வரை படித்தவர். எங்களைப் பார்த்ததும் சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

"அம்மிணி, நல்ல நாளும் அதுவுமா வேண்டாமுங்க."

"ஏனுங்கண்ணா? அதான் மாத்திச் சொல்லிட்டாங்களே."

"யாரு?"

"டிவிலதான். குடிக்கலைன்னு. ஆடி மாசமே சொன்னாங்களே."

மாதேஸ்வரன் என்னைப் பார்த்தார். பாவம், புருஷன் போன துக்கத்தில் ஏதோ பேசுகிறது என்பது மாதிரி ஒரு பார்வை. பக்கத்தில் நின்ற டிரைவர்களைக் கேட்டார். யாரும் அப்படி ஒரு செய்தியைப் பார்க்கவில்லை.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நீங்க எல்லாரும் சேர்ந்து எங்களப் பைத்தியம்னு முடிவு கட்டீட்டீங்களா?" என்று கத்தினேன். போனில் பதிவு செய்து வைத்திருந்த அந்தச் செய்தியைப் போட்டுக் காட்டினேன். போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டையும் காட்டினேன்.

அவர் முழுதாகப் பார்த்தார். "கண்ணு, இந்தக் காலத்துல வீடியோ பண்றதா பெரிய காரியம்? எம் பேரன் நான் விமானம் ஓட்டற மாதிரி ஒண்ணு பண்ணி வெச்சிருக்கான். ரிப்போர்ட்டும் அப்படித்தான், எழுதிக்கறதுதானே. நான் உன்னைய நம்பறேன். ஊரு நம்போணுமே."

சரி, எங்கள் வீட்டுக்கே வந்து நேரில் பாருங்கள் என்றேன். அண்ணனைப் பற்றிய செய்தியைச் சொல்லு என்று கேட்டால் டிவி திரும்பச் சொல்லும். மரியாதைக்கு அவரும் இன்னும் நாலு டிரைவர்களும் வந்தார்கள். அண்ணி காப்பி கொடுத்தார். நான் டிவியிடம் கேட்டேன். அந்தப் பெண் ஒருமுறை எங்கள் எல்லோர் முகத்தையும் பார்த்தாள். அப்படித்தான் எனக்குத் தோன்றியது. பிறகு சிரித்துக்கொண்டே, "நாமக்கல் மண்டலத்துல இன்னைக்கு முட்டை விலை நிலவரமுங்க" என்று ஆரம்பித்தாள். கொள்முதல் விலை, சில்லறை விலை, தீவன விலை. நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். திரும்பத் திரும்ப முட்டை.

அவர்கள் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். தெருமுனை திரும்பியிருக்க மாட்டார்கள், மறுபடி கேட்டேன். "டிரைவர் செங்கோட்டுவேல் குடிச்சிருக்கலைங்க" என்றாள், அதே சோக முகத்தோடு.

விஜயதசமி லீவு முடிந்ததும் அண்ணியும் நானும் சேலத்துக்குப் போனோம். பொது டிவியின் குறைதீர் மையத்தில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். இருந்தார், ஒரே ஒருவர். பெரிய ஹாலில் காலி நாற்காலிகளுக்கு நடுவே பிரிஸில்லா என்ற அதிகாரி டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுவரில் கேடயங்கள். பார்வையாளர் திருப்தியில் முதலிடம், தொடர்ந்து.

எங்கள் புகாரைத் திரையில் எடுத்துப் பார்த்தார். "இது தீர்ந்துடுச்சே."

"தீரலைங்க மேடம். எங்க வீட்ல மட்டுந்தான் வருது" என்றேன்.

"ஆமா. புகார் குடுத்தது நீங்கதானே?"

இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார். அதனால்தான் என்னால் கத்த முடியவில்லை.

அண்ணி, "கொஞ்சம் புரியற மாதிரி சொல்லுங்க" என்றார்.

அந்த அம்மா டிபன் பாக்ஸை மூடினார். "முன்னாடி இந்த ஹால் முழுக்க ஆளுங்க. எந்த நியூஸ் போட்டாலும் புகார். இவங்க பக்கம் சாயறீங்கன்னு அவங்க, அவங்க பக்கம் சாயறீங்கன்னு இவங்க. மேலே இருக்கறவங்க ஒரே ஒரு உத்தரவு போட்டாங்க, புகார் குறையணும்னு. மெஷின்கிட்டயும் அதைத்தான் சொன்னாங்க. அது ஏற்கெனவே வீட்டுக்கு வீடு பாஷையை மாத்திப் பேசிட்டிருந்தது. விஷயத்தையும் மாத்தினா புகாரே வராதுன்னு தானா கத்துக்கிச்சு. யாரும் தப்பு செய்யச் சொல்லலைம்மா. யாரும் நிறுத்தவும் சொல்லலை."

"அப்ப மத்த வீடுங்கள்ல எங்க வீட்டுக்காரரு இன்னும் குடிகாரருதானா?"

பிரிஸில்லா டிபன் பாக்ஸை எடுத்து மேஜைக்குக் கீழே வைத்தார்.

"முதல்ல குடிச்சார்னு யாருங்க சொன்னது?" என்றேன் நான்.

"யாரும் சொல்லலை. மலைப்பாதை, சாயங்காலம், தனியார் பஸ். பழைய விபத்துகளைப் பாத்து எது நம்பற மாதிரி இருக்கோ அதைச் சொல்லும்."

"பிரேக்குன்னு எழுதியிருந்தமே. அதையாச்சும் சொல்லியிருக்கலாமில்ல?"

"பிரேக்னா முதலாளி. அவர் கேஸ் போடுவார். அந்தப் பக்கமே அது போகாது. காலேஜ் பசங்கன்னு பொதுவா சொன்னா யார் கேஸ் போடுவா?" கொஞ்சம் தயங்கினார். "செத்தவங்களும் போட மாட்டாங்க."

அண்ணி நாற்காலியின் நுனிக்கு வந்தார். "அந்தப் பசங்க தொங்கலையா அப்ப?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்? உங்களுக்குப் பிடிக்காத காரணத்தை எடுத்தா, அந்த இடத்துல இன்னொண்ணை வைக்கணும். அதை வெச்சிருக்கு." திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, சொல்லக்கூடாததைச் சொல்கிறவர் மாதிரி குரலைத் தாழ்த்தினார். "இதே விபத்துக்கு இன்னொரு புகாரும் தீர்ந்திருக்கு. நாமகிரிப்பேட்டைப் பக்கம்."

செத்துப்போன அந்தப் பையன் நாமகிரிப்பேட்டைக்காரன்.

கிளம்பும்போது நான் இன்னொரு புகார் கொடுத்தேன். திருத்தத்தை எங்கள் வீட்டில் மட்டும் சொல்வது அநியாயம், எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று. பிரிஸில்லா வேண்டாம் என்பதுபோலத் தலையசைத்தார். நான் கேட்கவில்லை. எனக்கு அப்போதும் கோபம்தான் முக்கியமாக இருந்தது.

அன்றைக்கே ஏழு மணிச் செய்தியில் முதல் செய்தியே எங்கள் செய்திதான். "வீட்டுக்கு ஒரு திருத்தம்ங்கற முறைய இன்னையிலிருந்து நிறுத்திட்டமுங்க. டிரைவர் செங்கோட்டுவேல் குடிச்சிருக்கலைங்கற தகவல் மாநிலம் பூரா எல்லா வீட்டுக்கும் சொல்லியாச்சுங்க" என்றாள் அந்தப் பெண். கைகூட கூப்பினாள்.

நான் சட்டென்று எழுந்தேன். பாழாய்ப்போன கை, மைசூர்பாகு வாங்கச் சட்டைப்பையைத் தடவியது. அண்ணி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில்தான் எனக்கு உறைத்தது. என் இரண்டாவது புகாரையும் தீர்த்து வைத்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் மட்டும்.

போனில், திருப்தியா என்று கேட்டு வந்தது. ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான். இல்லை என்று அழுத்தினால் இன்னும் என்னென்ன நல்ல செய்தி சொல்வாளோ என்று பயந்து எதையும் அழுத்தவில்லை.

அண்ணி எழுந்து டிவியை அணைத்தார். "தம்பி, நாளைக்கு நாமகிரிப்பேட்டை போலாம்" என்றார்.

பையனின் பெயர் யோகேஷ். அம்மா மலர்க்கொடி மட்டும்தான் வீட்டில் இருந்தார். மஞ்சள் மண்டியில் வேலை. விரல் இடுக்கெல்லாம் மஞ்சளாக இருந்தது. அண்ணி வாசலில் நின்று, "நான் டிரைவர் பொஞ்சாதிங்க" என்றார். அந்த அம்மா முகம் இறுகியது. கதவைச் சாத்திவிடுவார் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரம் நின்றவர், உள்ளே நகர்ந்து வழிவிட்டார்.

டிவி ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் உள்ளே போய் உட்கார்ந்ததும், பேசிக்கொண்டிருந்த பேச்சை விட்டுவிட்டு அந்தப் பெண் முட்டை விலைக்குப் போய்விட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

"உங்க டிவில எம் பையனப் பத்தி என்னங்க சொன்னாங்க?" என்று மலர்க்கொடிதான் ஆரம்பித்தார்.

அண்ணி சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். "பசங்க படியில தொங்குனதாலதான் பஸ் சாஞ்சதுன்னு சொன்னாங்க. எங்க வீட்டுக்காரரு குடிக்கலைன்னாங்களா, எனக்கு அது போதுமுன்னு இருந்துச்சு. தெருவுக்கே இனிப்புக் குடுத்தேனுங்க."

மலர்க்கொடி தலையாட்டினார். அவர் கண்ணில் கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. "எங்க வீட்ல, பசங்க யாரும் தொங்கல, டிரைவர் குடிச்சதுதான் ஒரே காரணம்னு சொன்னாங்க. நான் மாரியம்மன் கோயில்ல பொங்கல் வெச்சேன்."

டிவியில் தீவன விலை ஓடியது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி இருந்தார்கள். எனக்கு அந்த இடத்தில் உட்காரவே முடியவில்லை. அண்ணன் செத்த அன்று வராத அழுகை அப்போது வந்தது.

அண்ணி பிரேக் பற்றிச் சொன்னார். முந்தின நாள் சாப்பாடு, முதலாளி சொன்ன பதில், எல்லாம். மலர்க்கொடி குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு உள்ளே போய் மகனின் போனை எடுத்து வந்தார். அது கீறல் விழுந்து, இன்னும் உயிரோடு இருந்தது.

"அவன் தொங்கலீங்க. உள்ளதான் உக்காந்திருந்தான். பஸ் ஏறுனதும் படம் எடுத்து அனுப்புவான், எந்த சீட்டுன்னு. நான் பயந்துக்குவேன்னு."

அண்ணி படத்தைப் பார்த்தார். டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் உட்கார்ந்து எடுத்த படம். பக்கத்தில் சாய்ந்து நானும் பார்த்தேன். அண்ணனின் முதுகு, கழுத்தில் போட்டிருந்த ஆரஞ்சுத் துண்டு. முன்னால், வண்டிக்குள் பார்க்கிற கண்ணாடியில், போனைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன் சிரிக்கிறான்.

"துண்டு காலைல நான் துவைச்சுக் குடுத்தது" என்றார் அண்ணி.

இரண்டு பேரும் அந்தச் சின்னத் திரையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து டிவியை அணைத்தேன்.

அடுத்த வாரம் மலர்க்கொடி ராசிபுரத்துக்கு வந்தார். அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டு, சட்டம் அடித்து, செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். அண்ணியும் நானும் கூடப் போனோம். கொட்டகையில் டிரைவர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். மாதேஸ்வரன் எழுந்து வந்தார்.

"நான் அந்தப் பஸ்ஸுல செத்த பையனோட அம்மாங்க. இதுல இருக்கறது எம் பையன். உள்ளதான் உக்காந்திருக்கான். இது உங்க டிரைவரு. குடிச்சிட்டு ஓட்டலைன்னு அவங்க வீட்டம்மா சொல்றாங்க, பிரேக் நிக்கலைன்னு சொல்றாங்க. நான் நம்பறேன். நானே நம்பும்போது உங்களுக்கு என்னங்க?"

சீட்டாட்டம் நின்றிருந்தது. மாதேஸ்வரன் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"படத்த நான் நம்பலீங்க. உங்களத்தான் நம்பறேன்" என்றார். அந்த ஆணியில் அவரே மாட்டினார். சட்டம் அகலமாக இருந்ததால் பக்கத்துப் படத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். அந்தச் சுவரில் முகம் தெரியாத டிரைவர் படம் அது ஒன்றுதான். டிரைவர் அல்லாத ஒருவன் சிரிப்பதும் அது ஒன்றில்தான்.

கொட்டகையில் ஒரு டிவி உண்டு. நாலாவிதமான ஆட்கள் உட்காரும் இடம் என்பதால் அது எப்போதும் முட்டை விலைதான் சொல்லும். அன்றைக்கும் சொன்னது.

சாயங்காலம் வீட்டில் நான் பழக்க தோஷத்தில் டிவியைப் போட்டுவிட்டேன். அந்தப் பெண் வந்து மகிழ்ச்சியோடு சொன்னாள்: "ராசிபுரம் பஸ் ஸ்டாண்டுல டிரைவர் செங்கோட்டுவேலோட படத்த இன்னைக்கு மரியாதையோட மாட்டுனாங்க." நாங்கள் யாரிடமும் புகார் கொடுக்கவில்லை, தகவலும் சொல்லவில்லை. கொட்டகை டிவியின் கண் பார்த்திருக்கும்.

என் கண்ணால் பார்த்த ஒரு காரியம்தான். ஆனாலும் அவள் வாயால் கேட்ட பிறகு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

காலையில் கடையைத் திறக்காமல் நேராக ஸ்டாண்டுக்குப் போனேன். அண்ணி எனக்கு முன்பே வந்து, கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே எட்டிப் பார்த்தோம்.

படம் இருந்தது.